‘நான் வருத்தமாக உள்ளேன்’ என்று எழுதும் முன்: உணர்ச்சிப் பெயர்களும் அவற்றின் சொந்தபந்தமும்

போன ஐப்பசியில் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் காலமானார். அவருடைய பேரனோடு கோவையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் சேதி கேட்டதும் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினான்: "தங்கள் தாத்தாவின் இறப்பினால் நான் மிகவும் வருத்தமாக உள்ளேன்." அடுத்த நாள் அவனே எழவு வீட்டுக்கு வந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த நண்பனின் அப்பாவிடம் போய், "கேட்டதுல இருந்து மனசு பொக்குனு போயிருச்சுங்க மாமா" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

இரண்டிலும் இருப்பது ஒரே துக்கம்தான். ஒன்று வாயில் தானாக வந்தது. இன்னொன்றை அவன் ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் தட்டியிருக்கிறான்.

ஆங்கில வழியில் படித்துவிட்டுத் திருப்பூர், கோவை, பெருந்துறை என்று வேலைக்குப் போகிற பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறு மாலைகளில் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். வாசிப்பார்கள், நன்றாகப் பேசுவார்கள். எழுதும்போது உணர்ச்சி வருகிற இடத்தில் கை நின்றுவிடும். கோபம், பயம், வருத்தம் என்ற பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயருக்கு வினை எது, அடைமொழி எது, அது யாருக்கு வரும், யார்மேல் வரும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். கல்யாணத்துக்கு ஒருவரை அழைக்கப் போனால் வீட்டாரை எல்லாம் சேர்த்துத்தானே அழைப்போம்? உணர்ச்சிப் பெயரையும் அப்படிக் குடும்பத்தோடு கற்றுக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரு வாரம் வீட்டில் கேளுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் குறித்தாலும் சரி. பெரியவர்கள் பேசும்போது மனசைப் பற்றி எந்தச் சொல் வந்தாலும் எழுதி வையுங்கள். அம்மிச்சியிடம் (அம்மாவைப் பெற்றவரிடம்) பத்து நிமிடம் உட்கார்ந்தால் பாதிப் பக்கம் நிரம்பிவிடும். எங்கள் பக்கம் கிடைப்பவற்றில் சில: வெசனம், சங்கட்டம், ரோசம், ஆத்தாமை, பொச்சரிப்பு, வயித்தெரிச்சல், அழுவாச்சி.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் எழுத்து வடிவத்தைப் போடுங்கள். வெசனம் அகராதியில் விசனம் என்று இருக்கும். சங்கட்டம் சங்கடம். ஆத்தாமை ஆற்றாமை. ரோசம் வடமொழி ரோஷத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சினம் என்று பொருள். நம் ஊரில் அது மானத்தோடு ஒட்டிக்கொண்டது. "அவருக்கு ரோசம் சாஸ்திங்க" என்றால், ஒரு சொல் பொறுக்கமாட்டார், வாங்க என்று கூப்பிடாத வாசலை மிதிக்கமாட்டார் என்று அர்த்தம். அதைக் கோபம் என்று திருத்தி எழுதினால் ஆளே மாறிப்போவார். அதனால் ஊர்ச்சொல் என்று வெட்கப்பட்டு எதையும் ஒதுக்காதீர்கள். அதற்கு ஈடான சொல் எழுத்துத் தமிழில் இல்லை என்றால் அதையே எழுதுங்கள்.

படி 2: பெயருக்குள் இருக்கும் வினையைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உள்ளத்து உணர்ச்சிகளை, சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்ச்சி), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை. பிரித்துப் பாருங்கள். நகு என்ற வினையிலிருந்து நகை, அழு என்பதிலிருந்து அழுகை, மருள் என்பதிலிருந்து மருட்கை, அஞ்சு என்பதிலிருந்து அச்சம், வெகுள் என்பதிலிருந்து வெகுளி, உவ என்பதிலிருந்து உவகை. இளிவரலின் கடைசியில் நிற்பதும் ‘வா’ என்ற வினைதான். பெருமிதம் ஒன்று மட்டும் பெருமையின் பக்கம் நிற்கிறது. மனசில் நடப்பதை நம் மொழி ஒரு செயலாகப் பார்த்து, அப்புறம்தான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

அதே மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் வரும் இழவு என்பது இழத்தல். நாம் "எழவுக்குப் போயிட்டு வந்தேனுங்க" என்று சொல்கிறோமே, அந்தச் சொல்தான் இது. ஊரில் சிலர் அதைத் திட்டாக மட்டும் நினைக்கிறார்கள். ஒருவரை இழந்ததைத்தான் அது சொல்கிறது.

வினையிலிருந்து பெயர் உண்டாக்கும் விகுதிகளாக, பழைய இலக்கண நூலான நன்னூலின் வழியில் வந்த இலக்கண நூல்கள் 19ஐப் பட்டியலிடுகின்றன. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவரைப் பெருந்துறைக்குப் பக்கத்தில் பழைய சமணக் கோயில் இருக்கும் விசயமங்கலத்தோடு சேர்த்துச் சொல்லும் மரபு உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் நன்னூலைப் பார்த்துப் பயப்படும்போதெல்லாம் இதைச் சொல்வேன். அந்த 19ஐயும் இப்போது மனப்பாடம் செய்ய வேண்டாம். உணர்ச்சிச் சொற்களுக்கு நான்கு வழி தெரிந்தால் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

முதல் வழி, மெல்லின எழுத்து வல்லினமாக மாறி ‘அம்’ சேர்வது. ஏங்கு, ஏக்கம். நடுங்கு, நடுக்கம். தயங்கு, தயக்கம். இரங்கு, இரக்கம். அஞ்சு, அச்சம். வருந்து, வருத்தம். விரும்பு, விருப்பம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூக்கில் ஒலித்த எழுத்து பெயரில் இறுகிவிடும்.

இரண்டாவது வழியில் று, டு இரட்டிக்கும். சீறு, சீற்றம். பதறு, பதற்றம். ஏமாறு, ஏமாற்றம். தடுமாறு, தடுமாற்றம். வாடு, வாட்டம். திண்டாடு, திண்டாட்டம். பேச்சில் பதட்டம் என்கிறோம். எழுதும்போது பதறு என்ற வினையை நினைத்துக்கொண்டால் பதற்றம் என்று சரியாக வரும்.

மூன்றாவது, ‘ப்பு’. நிகழ்காலத்தில் ‘க்கி’ கேட்கிறதா என்று பாருங்கள். தவிக்கிறான், வெறுக்கிறான், கொதிக்கிறான், திகைக்கிறான், சலிக்கிறான், மலைக்கிறான். இவற்றுக்குத் தவிப்பு, வெறுப்பு, கொதிப்பு, திகைப்பு, சலிப்பு, மலைப்பு.

நான்காவது, ‘சி’. மகிழ், மகிழ்ச்சி. நெகிழ், நெகிழ்ச்சி. அதிர், அதிர்ச்சி. ளகரத்தில் முடிந்தால் அது டகரமாக மாறும்: மிரள், மிரட்சி, மருள், மருட்சி.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனமாகத் தாண்டுங்கள். கலங்கு என்பது தானாக நடப்பது. கலக்கு என்பது பிறர் செய்வது. கலக்கம் என்ற பெயர் பார்வைக்குக் கலக்கு மாதிரி இருந்தாலும் கலங்கியவரின் உணர்ச்சியைத்தான் சொல்கிறது. மயங்கு, மயக்கு, மயக்கம் என்பதும் வருந்து, வருத்து, வருத்தம் என்பதும் அப்படியே. மிரள், மிரட்டு இரண்டுக்கும் மட்டும் தனித்தனிப் பெயர் உண்டு. மாடு மிரண்டால் அதன் கண்ணில் இருப்பது மிரட்சி. கடன்காரர் வாசலில் வந்து செய்வது மிரட்டல். இதை மாற்றிப் போட்டால் பயந்தவர் பயமுறுத்தியவர் ஆகிவிடுவார்.

இரட்டைக்கிளவியிலிருந்து பிறக்கும் பெயர்களையும் இதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். படபட என்று அடித்துக்கொண்டால் படபடப்பு, பதைபதைத்தால் பதைபதைப்பு, கடுகடு என்று இருந்தால் கடுகடுப்பு. சிடுசிடுப்பும் பரபரப்பும் இந்த வகைதான். உடம்பில் தெரிகிற உணர்ச்சிக்கு இவற்றைவிட நல்ல சொற்கள் எனக்குத் தெரிந்து இல்லை. பரீட்சை முடிவு பார்க்கும் பெண்ணுக்குப் பயம் என்று எழுதுவதைவிடப் படபடப்பு என்று எழுதிப் பாருங்கள், அவள் விரல் நடுங்குவது தெரியும்.

படி 3: படு, அடை, கொள்

எல்லாப் பெயருக்குள்ளும் தமிழ் வினை இருக்காது. கோபம், பயம், சந்தோஷம், துக்கம் போன்றவை வடமொழியிலிருந்து வந்து நம் வீட்டிலேயே தங்கிவிட்டவை. கோபத்துக்குக் கோபி என்றும் பயத்துக்குப் பய என்றும் வினை உண்டாக்கிக்கொண்டோம். மற்றவற்றுக்கு ஒரு துணை வினை வேண்டும்.

எதற்கு எது என்பதை வழக்குதான் தீர்மானிக்கிறது. சந்தோஷப்பட்டாள் என்போம், மகிழ்ச்சிப்பட்டாள் என்று யாரும் சொல்வதில்லை, மகிழ்ச்சியடைந்தாள் என்றோ மகிழ்ந்தாள் என்றோதான் வரும். அதிர்ச்சியும் ஏமாற்றமும் ‘அடை’ கேட்கும். கவலை, ஆசை, வெட்கம், பொறாமை, ஆத்திரம் எல்லாம் ‘படு’வோடு சேரும். வெறுப்பும் இரக்கமும் ஒருவர்மேல் வைத்திருப்பது என்பதால் ‘கொள்’ளோடு நன்றாகப் பொருந்தும். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் துணை வினையையும் எழுதிவிடுங்கள்.

‘அம்’மில் முடியும் பெயர் ‘படு’வோடு சேரும்போது மகர மெய் போய் வல்லினம் மிகும்: கோபப்படு, பயப்படு, துக்கப்படு. கோபம்படு என்று பிரித்து எழுதாதீர்கள்.

நேரான வினை இருந்தால் அதையே எழுதுங்கள் என்பது என் கட்சி. வருத்தமடைந்தான் என்பதைவிட வருந்தினான் சுருக்கமும் அழுத்தமும் உள்ளது. ஆனால் பொருள் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் ஏலத்தில் எதிர்பார்த்த விலை கிடைக்காத விவசாயி ஏமாற்றமடைந்தார். எடையில் தில்லுமுல்லு நடந்திருந்தால் அவர் ஏமாந்தார். ஒருவர் வேலையில் வெறுப்படைந்தார் என்றால் அலுத்துப்போனார் என்று பொருள். வேலையை வெறுத்தார் என்றால் அது வேறு சங்கதி.

பிறருக்கு அந்த உணர்ச்சியை உண்டாக்குவதற்குப் ‘படுத்து’ போடலாம்: சந்தோஷப்படுத்து, கோபப்படுத்து. பயமுறுத்து, அச்சுறுத்து, துன்புறுத்து ஆகிய மூன்றையும் அப்படியே கற்றுக்கொள்ளுங்கள். அதிர்ச்சிக்கு ‘கொடு’ அல்லது ‘அளி’.

படி 4: உணர்ச்சி யாருக்கு வந்தது?

இப்போது அந்தப் பையனின் செய்திக்கு வருகிறேன். ‘நான் வருத்தமாக உள்ளேன்’ என்பதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தமிழில் உணர்ச்சி நம்மிடம் வந்து சேர்வது. எனக்குக் கோபம் வருது, எனக்கு அழுவாச்சியா வருது, எனக்குச் சங்கட்டமா இருக்குது என்றுதான் பேசுகிறோம். உணர்பவர் நான்காம் வேற்றுமை ஏற்று ‘எனக்கு’ என்று நிற்பார். உணர்ச்சியே எழுவாயாக வரும். நான் என்று தொடங்க ஆசைப்பட்டால் முழு வினை போட வேண்டும்: நான் வருந்துகிறேன், நான் கலங்கிப்போனேன். ‘நான்’ என்பதோடு ‘வருத்தமாக உள்ளேன்’ சேரும்போதுதான் வாக்கியம் வேற்றூர்க்காரர் மாதிரி நிற்கிறது.

அவனை உட்கார வைத்து இரண்டு விதமாக எழுதச் சொன்னேன். ஒன்று: "தாத்தா தவறிட்டாருன்னு கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்லடா. நாளைக்கு வர்றேன்." இன்னொன்று, நண்பனின் அப்பாவுக்கு: "தாத்தா காலமான செய்தி கேட்டு மனம் கலங்கிப்போனேன் மாமா. நாளை காலையில் வருகிறேன்." ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற தொடரைச் சுவரொட்டிக்கும் பத்திரிகைக்கும் விட்டுவிடலாம். தெரிந்த வீட்டுக்கு எழுதும்போது பெயர்ச்சொல்லைவிட வினைதான் பக்கத்தில் உட்காரும்.

இன்னொரு நுட்பமும் இதே படியில் உண்டு. எனக்குக் கோபம் வந்தது என்றால் உள்ளே வந்தது. வெளியே காட்டியிருக்கலாம், விழுங்கியும் இருக்கலாம். கோபப்பட்டேன் என்றால் காட்டிவிட்டேன். கோபித்துக்கொண்டேன் என்றால் அப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் இந்த மூன்றாவதைப் பார்க்கலாம். இணைச்சீர் என்பது மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை முன்னிறுத்திச் செய்யும் சடங்கு. "இணைச்சீருக்கு நேரத்துல கூப்புடலைன்னு அக்கா கோவிச்சுக்கிட்டாங்க" என்றால், அக்கா யாரையும் திட்டியிருக்க வேண்டியதில்லை. ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்திருப்பார். யாராவது போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். கோபித்துக்கொள்வதில் உரிமை இருக்கிறது. அந்நியரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கதையோ கடிதமோ எழுதும்போது இந்த மூன்றில் எது நடந்தது என்று முடிவுசெய்துவிட்டு எழுதுங்கள்.

படி 5: யார்மேல், எதற்கு?

கோபம், வெறுப்பு, பொறாமை, பாசம், இரக்கம் எல்லாம் ஒருவர் ‘மேல்’ அல்லது ‘மீது’ வருபவை. கோபித்துக்கொள்வது மட்டும் ஒருவர் ‘இடம்’ அல்லது ‘ஓடு’. பயத்துக்கு ‘கு’ வேண்டும், இல்லாவிட்டால் ‘கண்டு’. நாய்க்குப் பயப்படுகிறான், நாயைக் கண்டு பயந்தான். ‘நாயைப் பயப்படுகிறான்’ என்பது தமிழ் ஆகாது.

‘அப்பாவுக்குப் பயம்’ என்ற தொடர் இரண்டு பொருள் தரும். அப்பா பயப்படுகிறார் என்றும் கொள்ளலாம். பிள்ளை அப்பாவைக் கண்டு பயப்படுகிறான் என்றும் கொள்ளலாம். பேச்சில் முகம் பார்த்துப் புரிந்துகொள்வோம். எழுத்தில் பிரித்து எழுதிவிடுங்கள்: பிள்ளை அப்பாவுக்குப் பயந்தான், அப்பாவை நினைத்துப் பயந்தான். முதலாவது மரியாதையோடு கலந்த பயம். இரண்டாவது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருக்கும்போது வருவது.

படி 6: அடைமொழிகள்

கோபமாகச் சொன்னார் என்றால் சொன்ன விதம். கோபத்துடன் என்றாலும் ஏறக்குறைய அதுதான். கோபத்தில் சொன்னார் என்றால் நிதானத்தில் இருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்ற மன்னிப்பும் சேர்ந்து வருகிறது. "ஏதோ கோவத்துல சொல்லிட்டாருங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று ஊரில் சமாதானம் பேசுவது இந்த ‘இல்’லை வைத்துத்தான். கோபத்தால் என்றால் கோபம் காரணம்.

பெயரடையில் உணர்ந்தவரையும் உணரவைத்ததையும் பிரியுங்கள். சலிப்பான வேலை, சலித்த மனம். எரிச்சலான சத்தம், எரிச்சலடைந்த ஆள். பயந்த பிள்ளை, பயமுறுத்தும் இருட்டு. உணர்ந்தவருக்கு வினையிலிருந்து வரும் எச்சம் பொருந்தும் என்று நினைவில் வைத்தால் போதும்.

‘பயங்கர’ என்பதைப் பற்றி ஒரு வேண்டுகோள். பயங்கர சந்தோஷம், பயங்கர அழகு என்று பேசிப் பழகிவிட்டோம். எழுத்தில் பயத்தை உண்டாக்குவதற்கு மட்டும் அதை வைத்திருங்கள். இல்லாவிட்டால் உண்மையிலேயே பயங்கரமான ஒன்றைச் சொல்லும் நாளில் சொல் தேய்ந்து போயிருக்கும். அளவைக் காட்ட வேண்டுமானால் வேறு பெயரையே எடுங்கள். கடுப்பு, எரிச்சல், கோபம், ஆத்திரம், சீற்றம், வெறி என்று சினத்துக்கே ஏணி மாதிரி படிகள் இருக்கின்றன.

படி 7: ஆளும் இன்மையும்

ஆளைக் குறிக்கக் ‘காரர்’ பல பெயர்களோடு சேரும்: கோபக்காரர், ரோசக்காரி, ஆத்திரக்காரன். ஆனால் பயக்காரன் என்பது வழக்கில் இல்லை. பயந்தாங்கொள்ளி, பயந்த சுபாவம். பொறாமைக்குப் பொறாமைக்காரன், பொறாமை பிடித்தவன் இரண்டும் உண்டு. சட்டென்று கோபம் வருபவர் முன்கோபி. வெட்கம் போனவர் வெட்கங்கெட்டவர்.

வெகுளி என்ற சொல்லைப் பார்த்துக் கையாளுங்கள். பழைய நூல்களில் அது கடுஞ்சினம். திருக்குறளில் சினம் கொள்ளாமைக்கு ‘வெகுளாமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. இன்று வெகுளி என்றால் சூதுவாது தெரியாதவர். "அந்த அம்மிணி வெகுளிங்க" என்று ஒருவர் சொன்னால் பாராட்டுகிறார், பரிதாபமும் படுகிறார்.

இல்லாமையைச் சொல்ல இன்றி, அற்ற, இன்மை ஆகியவை போதும்: தயக்கமின்றி, இரக்கமற்ற, அச்சமின்மை. பொறாமைக்குள்ளேயே ஓர் இல்லாமை ஒளிந்திருக்கிறது. பொறு என்பதன் எதிர்மறை அது, அடுத்தவர் நன்றாயிருப்பதைப் பொறுக்க முடியாமை. ஆற்றாமையும் அதே அச்சு.

படி 8: ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம்

நோட்டில் ஒரு பக்கத்தின் தலையில் ஒரே ஒரு பெயரை எழுதிக் கீழே அதன் வீட்டாரை நிரப்புங்கள். நான் ஒன்று நிரப்பிக் காட்டுகிறேன்.

ஏக்கம். வினை: ஏங்கு, ஏங்கினாள், ஏங்குகிறாள், ஏங்குவாள். துணை வினை: கொள். எதற்கு: பாசத்துக்கு ஏங்கினாள், மகனை நினைத்து ஏங்கினாள். அடை: ஏக்கமான பார்வை, ஏங்கிய கண்கள். வினையடை: ஏக்கத்தோடு பார்த்தாள். பிறருக்கு உண்டாக்குதல்: ஏங்கவைத்தான். ஊரில் கேட்டது: "புள்ள ஏங்கிப் போயிருச்சுங்க", அம்மாவைப் பிரிந்து இரவெல்லாம் தூங்காத குழந்தையைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஆத்தா சொன்னது. எழுதிப் பார்த்தது: வெளிநாடு போன மகனின் சைக்கிளைத் தினமும் துடைத்து வைக்கிறார், ஏக்கம் என்று அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதாத பக்கம் முடிந்த பக்கம் ஆகாது. அந்தப் பெயரை வாக்கியத்தில் போட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பெயர் இல்லாமல் உணர்ச்சி தெரிந்தால் இன்னும் நல்லது. வாரத்துக்கு மூன்று பக்கம் போதும். தவிப்பு, சீற்றம், வெசனம் மூன்றில் தொடங்குங்கள். தவிப்பு மூன்றாவது வழியில் பிறந்தது, சீற்றம் இரண்டாவது வழியில். வெசனத்துக்கு ஊர்ப்பேச்சுதான் துணை. வீட்டில் யாராவது "வெசனப்படாதீங்க" என்று சொல்லும்போது அதன் துணை வினை எது என்று காதிலேயே விழுந்துவிடும்.